வெர்தர் முதல் எஸ்ரா வரை: ஜெர்மன் நாவல்களில் அடையாளம் காணப்பட்டவர்கள்

உண்மையான ஒருவரின் வாழ்க்கையை எடுத்து, பெயரை மட்டும் மாற்றிக் கதையாக்கிய நாவலை ஜெர்மானியர் ‘சாவி நாவல்’ என்பார்கள். எந்தப் பாத்திரம் எந்த மனிதர் என்ற பட்டியல்தான் அந்தச் சாவி. இத்தகைய நாவல்கள் எல்லா மொழிகளிலும் உண்டு. ஆனால் கதைக்குள் இழுத்துவரப்பட்டவர்கள் அதைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பது பெரும்பாலும் பதிவாவதில்லை. ஜெர்மனியில் பதிவாகியிருக்கிறது. அங்கே அவர்கள் கடிதம் எழுதினார்கள், செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்தார்கள், கடைசியில் அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போனார்கள். இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக அவர்கள் வைத்த முறையீடு இரண்டே வகை. எங்களைப் பற்றிப் பொய் எழுதிவிட்டார் என்பது ஒன்று. எங்களைப் பற்றிய உண்மையை ஊருக்குச் சொல்லிவிட்டார் என்பது மற்றொன்று. ஒரே ஆள் ஒரே புத்தகத்தைப் பற்றி இரண்டையும் சொன்னதுண்டு. அதில் முரண்பாடும் இல்லை.

1772 மே மாதம், இருபத்திரண்டு வயது கதே சட்டப் பயிற்சிக்காக வெட்ஸ்லார் என்ற சிறு நகரத்துக்கு வந்தார். புனித ரோமானியப் பேரரசின் உயர் நீதிமன்றம் அங்கே இருந்தது. ஜூன் 9 அன்று பக்கத்துக் கிராமத்தில் நடந்த நடன விருந்துக்குப் போகும் வழியில் ஷார்லோட்டே பூஃப் என்ற பெண் அவருக்கு அறிமுகமானார். அவருக்கு வயது 19. முந்தைய ஆண்டுதான் தாயை இழந்திருந்தார். தம்பி தங்கைகளை வளர்க்கும் பொறுப்பு அவர் தலையில் இருந்தது. ஹனோவர் அரசின் தூதரகச் செயலரான யோஹான் கிறிஸ்டியான் கெஸ்ட்னருக்கு அவரை நிச்சயம் செய்திருந்தார்கள். கதே அந்த வீட்டுக்கே போய்வந்துகொண்டிருந்தார். மூவரும் நண்பர்களாகப் பழகினார்கள். காதல் கைகூடாது என்பது தெளிவானதும் செப்டம்பர் 11 அன்று கதே சொல்லிக்கொள்ளாமல் ஊரைவிட்டுக் கிளம்பினார்.

ஏழு வாரம் கழித்து, அதே ஊரில் இருந்த பிரவுன்ஷ்வைக் தூதரகச் செயலர் கார்ல் வில்ஹெல்ம் யெரூசலேம் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருக்கு வயது 25. வேறொருவரின் மனைவிமீது கொண்ட காதலும், உயர்குடியினர் கூடிய அவையில் பட்ட அவமானமும் காரணங்கள் என்று ஊர் பேசியது. அவர் பயன்படுத்திய கைத்துப்பாக்கிகள் கெஸ்ட்னருடையவை. பயணம் போகிறேன், இரவல் வேண்டும் என்று சீட்டு எழுதி அனுப்பி வாங்கியிருந்தார். என்ன நடந்தது என்று கதே கேட்டபோது கெஸ்ட்னர் ஊரெல்லாம் விசாரித்து ஒரு நீண்ட கடிதம் எழுதினார். நீலக் கோட்டு, மஞ்சள் உள்சட்டை, மேசைமேல் திறந்தபடி கிடந்த லெஸ்ஸிங்கின் ‘எமிலியா கலோட்டி’ நாடகம், ஒரே ஒரு கோப்பை குடிக்கப்பட்ட மது, பாதிரியார் யாரும் வராமல் இரவில் நடந்த அடக்கம். எல்லாம் அதில் இருந்தன. ஓர் அதிகாரியின் கவனத்தோடு, ஒரு நண்பன் கேட்டான் என்பதற்காக எழுதப்பட்ட கடிதம் அது.

1774 இலையுதிர்காலத்தில் லைப்சிக் புத்தகச் சந்தைக்கு ‘இளம் வெர்தரின் துயரங்கள்’ வந்தது. கெஸ்ட்னர் தன் கடிதத்தை அந்த நாவலின் கடைசிப் பக்கங்களில் கண்டார். உடை, நாடக நூல், மது, பாதிரியார் இல்லாத அடக்கம் எல்லாம் இடம் மாறாமல் இருந்தன. முதல் பாகத்தின் நாயகி பெயர் லோட்டே. ஷார்லோட்டேயை வீட்டில் கூப்பிடும் பெயரும் அதுதான். அவள் தம்பி தங்கைகளுக்கு ரொட்டி அறுத்துக் கொடுக்கிறாள், ஒரு நடன விருந்துக்குப் போகிறாள். அவளுக்கு நிச்சயிக்கப்பட்டவன் ஆல்பர்ட். துப்பாக்கி ஆல்பர்ட்டினுடையது. அந்தத் துப்பாக்கியை எடுத்துத் தூசி தட்டி வேலைக்காரனிடம் கொடுப்பவள் லோட்டே. இந்தக் கடைசிச் செய்கை முழுக்க கதேயின் கற்பனை. வெட்ஸ்லாரில் அப்படி எதுவும் நடக்கவில்லை.

நாவல் அச்சாகி வந்தபோது கெஸ்ட்னரும் ஷார்லோட்டேயும் திருமணமாகி ஹனோவரில் இருந்தார்கள். கதேயே அன்போடு ஒரு பிரதி அனுப்பிவைத்திருந்தார். கெஸ்ட்னர் எழுதிய பதில் இந்த வரலாற்றின் மிக முக்கியமான ஆவணம். அவர் கூச்சல் போடவில்லை. தங்களிடமிருந்து வெளி அடையாளங்களை எடுத்துக்கொண்டு, உள்ளே தங்களுக்குச் சொந்தமில்லாத குணங்களை வைத்துத் தைத்துவிட்டதாகச் சொன்னார். உண்மையான லோட்டே நாவலின் லோட்டேயைப் போல ஒருபோதும் நடந்திருக்க மாட்டாள் என்றார். ஆல்பர்ட்டை ஒரு மரக்கட்டையாக ஆக்கியது, அவனுக்கு எதிரே தன்னை உயர்த்திக் காட்டுவதற்குத்தானா என்று கேட்டார். நண்பர் ஒருவருக்கு எழுதிய வேறொரு கடிதத்தில், முதல் பாகத்தின் வெர்தர் கதே என்றும், இரண்டாம் பாகத்தின் வெர்தர் யெரூசலேம் என்றும் பிரித்து விளக்கவேண்டிய நிலை அவருக்கு வந்தது. தன் மனைவிக்கும் கதேக்கும் இடையே நடந்தது எது, நடக்காதது எது என்று ஒரு கணவன் கடிதம் எழுதி விளக்கவேண்டியிருந்தது.

கதேயின் பதிலில் வருத்தமும் இருந்தது, பிடிவாதமும் இருந்தது. மன்னிப்புக் கேட்டார். ஆனால் வெர்தர் எழுதப்பட்டே ஆகவேண்டியவன், ஆயிரம் நெஞ்சங்களுக்கு அவன் என்னவாக இருக்கிறான் என்று தெரிந்தால் உங்கள் மனக்குறையை மறந்துவிடுவீர்கள் என்றும் எழுதினார். ஒரு வருடத்துக்குள் திருத்தித் தருவதாக வாக்குக் கொடுத்தார். திருத்திய பதிப்பு வர 1787 வரை ஆயிற்று. அதில் ஆல்பர்ட் கொஞ்சம் மேம்பட்ட மனிதனாக வருகிறான். அதற்குள் பழைய பதிப்பு ஐரோப்பாவின் பல மொழிகளுக்குப் போய்விட்டிருந்தது. இளைஞர்கள் நீலக் கோட்டும் மஞ்சள் உள்சட்டையும் அணிந்து திரிந்தார்கள். லைப்சிக் நகரம் 1775இல் புத்தகத்தைத் தடை செய்தது. தற்கொலையைப் புகழ்கிறது என்பதே குற்றச்சாட்டு. அதில் சிக்கிய குடும்பத்தைப் பற்றி எந்த அதிகாரியும் கவலைப்படவில்லை. கதையில் வருபவர்கள் யார் யார் என்று விளக்கும் ஒரு சிறு நூல் அதே ஆண்டு வெளிவந்து விற்றது.

தன்னைக் காத்துக்கொள்ளக் கொஞ்சமும் வழியில்லாதவர் இறந்துபோன யெரூசலேம்தான். அவருடைய கல்லறைக்கு வெர்தரின் கல்லறை என்று ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அவருடைய தந்தை பிரவுன்ஷ்வைக்கில் மதிப்புமிக்க இறையியலாளர். மகனின் பெயர் காதலில் உருகிச் செத்தவன் பெயராக ஊர் ஊராகப் போவதை அவர் பார்த்துக்கொண்டிருக்க நேர்ந்தது. அவருக்கு ஆதரவாக வந்தவர் லெஸ்ஸிங், அந்த மேசைமேல் கிடந்த நாடகத்தை எழுதியவர். இளம் யெரூசலேமை அவர் நேரில் அறிந்திருந்தார். 1776இல் அந்த இளைஞர் எழுதிவைத்த தத்துவக் கட்டுரைகளைத் தொகுத்து, முன்னுரையும் எழுதி வெளியிட்டார். யெரூசலேம் தெளிவாகச் சிந்திக்கத் தெரிந்த ஒரு மனிதர் என்று காட்டுவதே நோக்கம். இந்த வரலாற்றில், கதையால் மறைக்கப்பட்ட ஒருவருக்கு அவருடைய சொந்தக் குரலைத் திருப்பிக் கொடுக்க ஒரு எழுத்தாளர் முயன்ற அரிய செயல் அது. கட்டுரைத் தொகுப்பைச் சிலரே படித்தார்கள். நாவலை எல்லோரும் படித்தார்கள்.

ஷார்லோட்டே கெஸ்ட்னர் பிறகு ஒரே ஒருமுறை கதேயைச் சந்தித்தார். 1816இல் தங்கையைப் பார்க்க வைமாருக்கு வந்தபோது அவருக்கு 63 வயது. கெஸ்ட்னர் எப்போதோ இறந்துவிட்டிருந்தார். சந்திப்பு சம்பிரதாயமாக முடிந்தது. அவர்களுடைய மகன் தொகுத்த கடிதங்கள் 1854இல் அச்சான பிறகுதான் கெஸ்ட்னர் பக்கத்து நியாயம் வெளியுலகுக்குத் தெரிந்தது. எண்பது வருடம் ஆகிவிட்டிருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதற்கு நேர்மாறான வழியைக் காட்டியவர் தியோடோர் ஃபொன்டானே. பாரன் ஆர்டென்னே என்ற இராணுவ அதிகாரி 1886இல், தன் மனைவி எலிசபெத்தோடு உறவு வைத்திருந்த டூசல்டோர்ஃப் நீதிபதி ஒருவரைத் துப்பாக்கிச் சண்டையில் கொன்றார். மணமுறிவு ஆனது. குழந்தைகள் தந்தையிடம் போயினர். பெர்லின் முழுக்க இதே பேச்சு. ஒரு விருந்து மேசையில் இதைக் கேட்ட ஃபொன்டானே, அதிலிருந்து ‘எஃபி பிரீஸ்ட்’ நாவலை எழுதினார். 1895இல் அது நூலானது. ஆர்டென்னே மனைவியைவிட ஐந்து வயதுதான் மூத்தவர். நாவலில் கணவன் இருபத்தொரு வயது மூத்தவன். ஊரைப் பால்டிக் கடலோரத்துக்கு மாற்றினார். தொழில், பெயர், சூழல், கண்டுபிடிக்கப்பட்ட விதம் எல்லாவற்றையும் மாற்றினார். உண்மையான பெண்ணை அடையாளம் தெரியாமல் ஆக்கவேண்டும் என்பது அவருக்குக் கவலையாகவே இருந்தது.

ஒன்றை மட்டும் அவர் மாற்றிய விதம் யோசிக்கவைக்கிறது. நாவலில் எஃபி முப்பது வயதுக்குள் துயரத்தில் வாடி இறக்கிறாள். உண்மையான எலிசபெத் ஃபான் ஆர்டென்னே நோயாளிகளைப் பராமரிக்கும் வேலையை மேற்கொண்டு, தன் காலில் நின்று, 98 வயது வரை வாழ்ந்து 1952இல் இறந்தார். அந்த நீண்ட வாழ்க்கையில் பெரும்பகுதியை அவர் ‘எஃபி’யின் மூலம் என்ற பெயரோடு கழித்தார். ஃபொன்டானே எவ்வளவோ கவனமாக இருந்தும், விவரம் தெரிந்தவர்களின் வாயை நாவலாசிரியரால் அடைக்க முடியவில்லை.

தாமஸ் மன் அந்தக் கவனத்தை எடுத்துக்கொள்ளவில்லை. 1901இல் வெளிவந்த ‘புடன்புரோக்ஸ்’ அவருடைய சொந்த ஊரான லியூபெக்கின் ஒரு தானிய வணிகக் குடும்பம் நான்கு தலைமுறையில் வீழ்வதைச் சொல்கிறது. அது மன் குடும்பமேதான். எழுதும் முன் உறவினர்களிடம் தகவல் கேட்டார். சமையல் குறிப்பு, தானிய விலை, பழைய கடன்கள் எல்லாம் கேட்டார். தங்கை யூலியா, அத்தை எலிசபெத்தின் இரண்டு தோல்வியுற்ற திருமணங்களைப் பற்றி விரிவாக ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். அந்தக் கடிதத்திலிருந்துதான் நாவலின் டோனி பிறந்தாள். அத்தை அப்போது உயிரோடு இருந்தார். தன் கதை எழுதப்படுகிறது என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. கெஸ்ட்னரைப் போலவே இங்கும் ஒருவர் நம்பிக்கையோடு எழுதிய கடிதம்தான் இன்னொருவரின் வாழ்க்கையைத் திறந்த கதவு.

லியூபெக்கில் சாவிப் பட்டியல் கைமாறிக்கொண்டிருந்தது. நகரத்து வணிகர்கள், பாதிரியார், ஆசிரியர்கள் எல்லோரும் அதில் தங்கள் பெயரைத் தேடினார்கள். கிறிஸ்டியான் என்ற சோம்பேறிச் சித்தப்பாவுக்கு மூலமான ஃப்ரீட்ரிக் மன் பன்னிரண்டு வருடம் பொறுத்திருந்தார். 1913 அக்டோபரில் உள்ளூர்ச் செய்தித்தாளில் சொந்தக் காசில் விளம்பரம் கொடுத்தார். தன் கூட்டையே அசுத்தமாக்கும் பறவையோடு அண்ணன் மகனை ஒப்பிட்டு, ஊர்க்காரர்கள் அந்த நாவலை அதற்குரிய மதிப்போடு மட்டும் பார்க்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். உலகம் முழுக்க வாசகர்களைக் கொண்ட ஒரு நாவலுக்கு எதிராக ஒரு மனிதர் வைத்த பதில், ஒரு நாள் செய்தித்தாளில் சில வரிகள். இதைப் பிற்காலத்தில் வேடிக்கையாகச் சொல்வது வழக்கமாகிவிட்டது. அவரிடம் வேறு என்ன வழி இருந்தது என்று கேட்டால் அந்தச் சிரிப்பு நிலைக்காது.

இதே காலத்தில் ‘பில்சே’ என்ற பெயர் ஒரு வசைச்சொல்லாகியிருந்தது. ஃப்ரிட்ஸ் ஆஸ்வால்ட் பில்சே லொரேன் பகுதியில் ஒரு சிறு படைமுகாமில் லெப்டினன்ட். 1903இல் புனைபெயரில் தன் முகாமின் அதிகாரிகள், அவர்களுடைய கடன்கள், கள்ள உறவுகள் எல்லாவற்றையும் நாவலாக்கினார். எல்லோரும் அடையாளம் காணப்பட்டார்கள். மெட்ஸ் நகரில் இராணுவ நீதிமன்றம் கூடி அவருக்கு ஆறு மாதச் சிறையும் பணிநீக்கமும் விதித்தது. விசாரணையில், அவர் எழுதியவற்றில் பல உண்மை என்பது அம்பலமானது. அது அவரைக் காப்பாற்றவில்லை. 1905இல் லியூபெக்கில் வேறொரு எழுத்தாளர்மீது நடந்த வழக்கில், ஒரு வழக்கறிஞர் ‘புடன்புரோக்ஸ்’ நாவலும் பில்சே வகைதான் என்று போகிற போக்கில் சொன்னார். மன் கொதித்துப்போனார். அடுத்த ஆண்டு ‘பில்சேயும் நானும்’ என்ற கட்டுரையை எழுதினார்.

அந்தக் கட்டுரை எழுத்தாளர் தரப்பின் சிறந்த வாதம். கவிஞனின் திறமை புதிதாகப் புனைவதில் இல்லை, கிடைத்ததற்கு உயிரூட்டுவதில் இருக்கிறது என்றார். வெளியிலிருந்து எடுப்பது ஒரு முகம், ஒரு நடை, ஒரு பேச்சுப் பழக்கம். அதற்குள் எழுத்தாளன் நிரப்புவது தன்னைத்தான். எனவே அந்தப் பாத்திரத்துக்கும் மூல மனிதருக்கும் பிறகு தொடர்பே இல்லை. படைப்பு எப்படி நிகழ்கிறது என்பதற்கு இதைவிடத் துல்லியமான விளக்கம் கிடைப்பது கடினம். ஆனால் இதையே 130 ஆண்டுகளுக்கு முன் கெஸ்ட்னர் குற்றச்சாட்டாகச் சொன்னார். வெளியே நாங்கள், உள்ளே நீ. மன் அதைத் தற்காப்பாக முன்வைத்தார். எழுத்தாளனுக்குத் தன் உள்ளம் எங்கே தொடங்குகிறது என்று தெரியும். அண்டைவீட்டுக்காரருக்கு அது தெரிய வழியில்லை. கோட்டை அடையாளம் கண்டுகொண்டவர் அதற்குள் இருக்கும் நெஞ்சும் அதே ஆளுடையது என்றுதான் நம்புவார். கட்டுரை இந்த இடத்தைத் தொடவே இல்லை.

தொட்டால் என்ன ஆகும் என்பது அவர் வீட்டிலேயே தெரிந்தது. 1905இல் அவர் எழுதிய ‘வெல்சுங் இரத்தம்’ என்ற கதையில், பணக்கார யூதக் குடும்பத்து இரட்டையர்களான அண்ணனும் தங்கையும் தகாத உறவு கொள்கிறார்கள். மன்னின் மனைவி காட்யா அப்படியொரு குடும்பத்தில் இரட்டையராகப் பிறந்தவர். மாமனார் பிரிங்ஸ்ஹைம் மியூனிக்கின் செல்வாக்குள்ள கணிதப் பேராசிரியர். அவருடைய கோபம் மன்னின் காதுக்கு எட்டியதும், அச்சாகிவிட்ட பத்திரிகை இதழிலிருந்தே கதை நீக்கப்பட்டது. 1921இல் சில பிரதிகள் மட்டும் தனிப்பதிப்பாக வந்தது. அத்தைக்கும் சித்தப்பாவுக்கும் கிடைக்காத நீதி மாமனாருக்கு உடனே கிடைத்தது. யார் கதையாக்கப்படலாம் என்பதைக் கலைக்கொள்கை மட்டும் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இது போதும். 1924இல் ‘மாய மலை’ நாவலில் நாடகாசிரியர் கெர்ஹார்ட் ஹௌப்ட்மன் ஒரு குடிகாரப் பணக்காரராக உருமாறி வந்தபோதும் அதே கதைதான். நோபல் பரிசு பெற்ற ஹௌப்ட்மனுக்கு மன் நேரடியாகக் கடிதம் எழுதி மன்னிப்புக் கேட்டார்.

பிற்காலத்தில் மன் இந்தக் கணக்கை வேறு விதத்தில் எழுதினார். 1939இல் வெளிவந்த ‘வைமாரில் லோட்டே’ நாவலின் நாயகி, 1816இல் கதேயைப் பார்க்க வந்த அதே ஷார்லோட்டே கெஸ்ட்னர். ஒரு மேதையின் புத்தகத்துக்குத் தீனியானவர்கள் மிச்ச வாழ்நாளை எப்படிக் கழிக்கிறார்கள் என்பதே அந்த நாவலின் பொருள். இம்முறை அவர் எழுதியது இறந்து நூறாண்டுக்கு மேலான ஒருவரைப் பற்றி.

சட்டம் இந்தப் பக்கம் திரும்பத் தாமதமாயிற்று. 1898இல் ஜெர்மனியின் முன்னாள் பிரதமர் பிஸ்மார்க் இறந்த இரவில் இரண்டு புகைப்படக்காரர்கள் திருட்டுத்தனமாக உள்ளே நுழைந்து சடலத்தைப் படமெடுத்தார்கள். அதைத் தடுக்கச் சரியான சட்டம் இல்லை என்று தெரிந்த பிறகு, 1907இல் ஒருவரின் உருவப்படத்துக்கு மட்டும் பாதுகாப்பு வந்தது. சொற்களால் வரையப்பட்ட உருவத்துக்குப் பாதுகாப்பு, இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த அரசியலமைப்பின் மனித மாண்பு என்ற முதல் பிரிவிலிருந்து பிறந்தது. 1954இல் மேற்கு ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் பொதுவான ஆளுமை உரிமையை ஏற்றது. அதே அரசியலமைப்பின் ஐந்தாம் பிரிவு, கலைக்கு நிபந்தனையற்ற சுதந்திரம் கொடுத்திருந்தது. இரண்டும் மோதிய முதல் பெரிய வழக்கு தாமஸ் மன்னின் மகன் எழுதிய நாவலைப் பற்றியது.

கிளவுஸ் மன் நாஜி ஆட்சியிலிருந்து தப்பியவர். குடியுரிமை பறிக்கப்பட்டவர். 1936இல் ஆம்ஸ்டர்டாமில் ‘மெஃபிஸ்டோ’வை வெளியிட்டார். நாயகன் ஹென்ட்ரிக் ஹெஃப்கன் என்ற நடிகன். இடதுசாரி நண்பர்களை உதறிவிட்டு, ஆட்சியாளர்களின் தயவில் அரசு நாடக அரங்கின் தலைவனாகிறான். நாஜித் தலைவர் கோயரிங்கின் ஆதரவோடு பெர்லின் அரசு நாடக அரங்கின் தலைமைக்கு வந்த குஸ்டாஃப் க்ருண்ட்கென்ஸை இதில் காணாதவர் இல்லை. அவர் 1932இல் ‘ஃபாவுஸ்ட்’ நாடகத்தில் மெஃபிஸ்டோவாக நடித்துப் புகழ்பெற்றவர். அதற்கு முன் கிளவுஸின் அக்கா எரிகாவின் கணவராக இருந்தவர். இது சாவி நாவல் இல்லை, இதில் வருபவர்கள் மாதிரிகள், ஓவியங்கள் அல்ல என்று கிளவுஸ் அறிவித்தார். புத்தகத்தின் முடிவிலும் அப்படி ஒரு குறிப்பு இருந்தது. 1934இல் ரஸ்புதின் பற்றிய ஹாலிவுட் படத்துக்கு எதிராக யூசுபோவ் இளவரசி லண்டனில் வென்று 25,000 பவுண்டு பெற்ற பிறகு, இத்தகைய அறிவிப்பு திரைப்படங்களில் நிரந்தரமாக இடம்பிடித்தது. தமிழ்ப் படங்களிலும் அந்த வாசகம் உண்டு. தமிழ் வார இதழ்களின் தொடர்கதைக்கடியில் வரும் ‘யாவும் கற்பனை’ என்ற வரி வாசகர்களுக்குப் பழக்கமானது. நீதிமன்றங்கள் அதற்குப் பெரிய மதிப்புக் கொடுத்ததில்லை.

போர் முடிந்ததும் க்ருண்ட்கென்ஸ் மீண்டும் ஜெர்மன் அரங்கின் உச்சிக்கு வந்தார். 1949இல் ஒரு பதிப்பாளர், அவருக்கு இங்கே இருக்கும் செல்வாக்கைக் காரணம் காட்டி ‘மெஃபிஸ்டோ’வை வெளியிட மறுத்துவிட்டார். அதே ஆண்டு மே மாதம் கிளவுஸ் கான் நகரில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். க்ருண்ட்கென்ஸ் 1963இல் மணிலாவில் இறந்தார். எழுதியவரும் எழுதப்பட்டவரும் இல்லாமல் போன பிறகு வழக்கு தொடங்கியது. மியூனிக்கின் நிம்ஃபென்பூர்கர் பதிப்பகம் நாவலை வெளியிட முனைந்ததும், க்ருண்ட்கென்ஸின் வளர்ப்பு மகன் ஹாம்பர்க் நீதிமன்றத்துக்குப் போனார். கீழ் நீதிமன்றம் 1965இல் மனுவைத் தள்ளியது. 1966இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தடை விதித்தது. 1933க்குப் பிந்தைய நாடக உலகைப் பற்றி ஓர் அகதியின் பார்வையில் அமைந்த தவறான சித்திரம் பொதுமக்களுக்குத் தேவையில்லை என்ற பொருளில் அது எழுதியது. உயிர் தப்ப நாட்டைவிட்டு ஓடியவரின் பார்வையை இப்படி ஒதுக்கியது அந்தத் தீர்ப்பின் மாறாக் கறை. 1968இல் உச்ச நீதிமன்றம் தடையை உறுதி செய்தது.

1971 பிப்ரவரி 24 அன்று அரசியலமைப்பு நீதிமன்றத்தில் நீதிபதிகள் மூன்றுக்கு மூன்று என்று பிரிந்தார்கள். சமநிலை என்பதால் தடை நீடித்தது. கலைச் சுதந்திரம் சாதாரணச் சட்டங்களுக்குக் கட்டுப்பட்டதல்ல, ஆனால் மனித மாண்புக்குக் கட்டுப்பட்டது என்பது அனைவரும் ஏற்ற கொள்கை. இறந்தவருக்கும் அந்த மாண்பு உண்டு, நினைவு மங்க மங்க அது தேயும் என்றும் சொன்னார்கள். தடையை ஆதரித்தவர்களின் தர்க்கம் இப்படிப் போகிறது: க்ருண்ட்கென்ஸை எல்லோருக்கும் அடையாளம் தெரிகிறது, ஹெஃப்கன் செய்யும் இழிசெயல்களில் பல கற்பனை, எனவே வாசகர் கற்பனையையும் அவர்மேல் ஏற்றுவார். கெஸ்ட்னரின் முறையீடு ஒருவழியாகச் சட்டமாகிவிட்டது. ஆனால் பொருந்தாத இடத்தில் சட்டமாகிவிட்டது. ஹனோவரின் ஒரு தனிமனிதர் தன் திருமணத்தைப் பற்றிச் சொன்னதை, அரசின் அரியணைக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பொதுமனிதரின் அரசியல் நடத்தைக்குப் பொருத்தினார்கள். எதிர்த்துத் தீர்ப்பெழுதிய எர்வின் ஷ்டைன், வில்ட்ராவுட் ரூப்-ஃபான் ப்ரூனெக் இருவரும், நாவலை நாவலாகப் படிக்காமல் வாழ்க்கைக் குறிப்போடு வரிக்கு வரி ஒப்பிட்டது தவறு என்றார்கள்.

தடை செத்த விதம் வேறு. 1979இல் பாரிஸில் அரியான் ம்நூஷ்கின் அதை நாடகமாக்கினார். 1981 ஜனவரியில் ரோவோல்ட் பதிப்பகம் தடையைப் பொருட்படுத்தாமல் மலிவுப் பதிப்பை வெளியிட்டது. யாரும் வழக்குப் போடவில்லை. விற்பனைப் பட்டியலின் முதலிடத்துக்கு அது போயிற்று. அதே ஆண்டு இஷ்த்வான் சாபோ எடுத்த படம் ஆஸ்கர் பெற்றது.

அதன் பிறகு முப்பது ஆண்டுகளுக்குள் இதன் மறுமுனை வந்து நின்றது. 2003இல் மாக்சிம் பில்லரின் ‘எஸ்ரா’ வெளிவந்தது. ஓர் எழுத்தாளனுக்கும் எஸ்ரா என்ற பெண்ணுக்குமான காதல் முறிந்த கதை. படுக்கையறைக் காட்சிகள், அவளுடைய குழந்தையின் கடும் நோய், அவளை ஆட்டிவைக்கும் தாய் எல்லாம் அதில் உண்டு. பில்லரின் முன்னாள் காதலியும் அந்தப் பெண்ணின் தாயும், அந்தப் பாத்திரங்கள் தாங்கள்தான் என்று வழக்குத் தொடுத்தார்கள். அவர்கள் பெற்ற விருதுகளே நாவலில் அவர்களைக் காட்டிக்கொடுத்தன. மியூனிக் நீதிமன்றம் அதே ஆண்டு தடை விதித்தது. 2005இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. 2007 ஜூன் 13 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம் ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் இறுதித் தீர்ப்பளித்தது.

அந்தத் தீர்ப்பு ‘மெஃபிஸ்டோ’வின் தர்க்கத்தைத் தலைகீழாக்கியது. நாவல் என்று வந்தால் அதில் உள்ளது கற்பனை என்றே முதலில் கொள்ளவேண்டும். பாத்திரம் மூல மனிதரைப் போலிருப்பது மட்டும் குற்றமில்லை. எந்த அளவுக்கு அந்த மனிதரின் மறுபதிப்பாக இருக்கிறதோ, எந்த அளவுக்கு அந்தரங்கத்தைத் தொடுகிறதோ, அந்த அளவுக்குத் தீங்கு பெரிது. இதன்படி தாயின் மனு தோற்றது. அவரைப் பற்றிய கடுமையான சித்திரிப்பு கற்பனை என்று கொள்ளத்தக்கது. மகளின் மனு வென்றது. கதைசொல்லி தானே அனுபவித்ததாகச் சொல்லும் படுக்கையறை விவரமும், உயிரோடு இருக்கும் ஒரு குழந்தையின் நோயும் கற்பனை என்று ஒதுக்கத்தக்கவை அல்ல. ஆக, ‘மெஃபிஸ்டோ’ தடைபட்டது அதில் உண்மையல்லாதது இருந்ததால். ‘எஸ்ரா’ தடைபட்டது அதில் உண்மை இருந்ததால்.

நூற்றுக்கும் மேற்பட்ட எழுத்தாளர்கள் பில்லரை ஆதரித்துக் கையெழுத்திட்டார்கள். இந்த அளவுகோலை வைத்தால் ‘வெர்தர்’ வந்திருக்கவே முடியாது என்பது அவர்களுடைய முதன்மையான வாதம். உண்மைதான். ஆனால் அந்த ஒப்பீடு ஒன்றை விட்டுவிடுகிறது. வெட்ஸ்லாரில் கதே பயன்படுத்தியதில் ஷார்லோட்டேயின் உடலும் இல்லை, நோயுற்ற குழந்தையும் இல்லை. ஒரு காதலன் என்ற முறையில் மட்டும் தெரிந்துகொண்டதை எழுத்தாளன் என்ற முறையில் விற்பதற்கும், ஊரே அறிந்த துயரத்தை எடுத்தாள்வதற்கும் உள்ள வேறுபாட்டை நீதிமன்றம் கண்டது. அதைக் கண்டதில் அது சரி. ஒரு நாவலை முழுவதுமாக இல்லாமல் ஆக்குவது தவிர வேறு தீர்வைத் தேடாமல் விட்டது அதன் குறை.

அடுத்த சில ஆண்டுகளில் எல்லைகள் இன்னும் கொஞ்சம் தெளிந்தன. உலகச் செய்தியான ஒரு கொலையை அடிப்படையாகக் கொண்ட திரைப்படத்தை, சிறையிலிருந்த கொலையாளியின் மனுவின் பேரில் ஃப்ராங்க்ஃபர்ட் நீதிமன்றம் 2006இல் தடை செய்திருந்தது. 2009இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. குற்றவாளியே பேட்டிகளில் சொன்னவற்றை மறைக்க அவருக்கு உரிமையில்லை என்பது காரணங்களில் ஒன்று. அதே ஆண்டு நவம்பரில் ‘எஸ்ரா’ வழக்கின் கடைசிக் கிளையும் முடிந்தது. முன்னாள் காதலிக்கு 50,000 யூரோ இழப்பீடு தரவேண்டும் என்று மியூனிக்கில் முதலில் சொல்லப்பட்டது, மேல்முறையீட்டில் ரத்தாகியிருந்தது. உச்ச நீதிமன்றமும் அதை மறுத்தது. தடையே பெரிய தலையீடு, அதற்குமேல் பணமும் கேட்டால் எழுதுகிறவர்கள் அஞ்சி ஒதுங்குவார்கள் என்றது. ‘எஸ்ரா’ கடைகளுக்குத் திரும்பவில்லை. ‘மெஃபிஸ்டோ’ மீதான பழைய தடையை எந்த நீதிமன்றமும் முறைப்படி நீக்கவில்லை. புத்தகம் ஜெர்மனியின் எல்லாக் கடைகளிலும் கிடைக்கிறது.